மே மாத வேலூரில் சத்தமில்லாத சினிமாக் கணினி: நான்கு வழிகளில் எது?

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். காட்பாடியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், டிவிக்குக் கீழே வைக்கச் சிறிய கணினி வேண்டும், இரவில் படம் பார்க்கும்போது இரைச்சல் வரக் கூடாது என்றார். குடியாத்தத்து நண்பர் ஒருவருக்குப் பழைய அலுவலகக் கணினி மலிவாக வந்திருக்கிறது. வாங்கலாமா என்று தயங்குகிறார். ஆர்க்காட்டுக்காரர் ஒருவர் பகுதி பகுதியாக வாங்கித் தானே பூட்டிக்கொள்ள ஆசைப்பட்டுப் பட்டியலோடு வந்தார்.

மூவரும் படித்திருந்த ஒப்பீடுகள் எல்லாம் குளிர்ந்த அறைகளில் அளந்து எழுதப்பட்டவை. 22 டிகிரி அறையில் ஒரு பெட்டி சத்தமில்லாமல் ஓடுவது வேறு, அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி மாடி வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஓடுவது வேறு. இங்கே நான் எடை போடுவது இரண்டாவதை மட்டும்தான்.

கணினி உண்மையிலேயே வேண்டுமா?

ஓடிடி தளங்களில் வரும் படங்களை மட்டும் பார்ப்பவராக இருந்தால் வேண்டாம். டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக் ஒன்று போதும். சில வாட்களே இழுக்கும், விசிறியே கிடையாது, 4கே உரிமமும் முறையாக இருக்கும். கணினி தேவைப்படுவது, ஹார்ட் டிஸ்கில் சொந்தமாகப் படங்களும் குடும்ப வீடியோக்களும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், டிவியிலேயே இணையம் பார்த்து நாலு வேலையும் செய்ய வேண்டும் என்பவர்களுக்கும்தான்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் அறையின் சூடு. சில்லு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி அறைக் காற்றுக்குத்தான் போகிறது. ஆகவே சில்லின் சூட்டை அறையின் சூட்டின் மேல்தான் கூட்ட வேண்டும். விசிறியில்லாத ஒரு பெட்டி படம் ஓடும்போது அறையைவிட 35 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் அது 57. நம் 38 டிகிரி அறையில் 73. அதையே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றே 45-ஐத் தாண்டிவிடும். வேலூரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலில் குடித்த வெயிலை இரவில்தான் கக்குகின்றன. மொட்டை மாடித் தளமும் அப்படித்தான். இரவுக் காட்சிக்கு உட்கார்ந்தாலும் அறை குளிர்ந்திருக்காது. விசிறியுள்ள பெட்டி என்றால், அதே சூட்டில் தாக்குப்பிடிக்க விசிறி இன்னும் வேகமாகச் சுழலும். சத்தம் தொடங்குவது அங்கேதான்.

இரண்டாவது, சத்தத்தின் தன்மை. நம் வீடுகளில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் ‘ஹோ’ என்ற ஓசை தாழ்ந்த ஒலிகளை எல்லாம் மூடிவிடும். மூட முடியாதது கிரீச்சிடும் மெல்லிய ஒலி. 40 அல்லது 50 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது கொசு காதோரம் பறப்பது போல் இருக்கும்; சீலிங் ஃபேனையும் துளைத்துக்கொண்டு வரும். 92 அல்லது 120 மில்லிமீட்டர் விசிறி 700, 800 சுற்றில் ஓடினால் மூச்சு விடுவது போல்தான் கேட்கும். ஆகவே கடையில் ‘எத்தனை டெசிபல்’ என்று கேட்பதைவிட ‘விசிறி எவ்வளவு அகலம்’ என்று கேளுங்கள். ஏசி அறையில் படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அங்கே சீலிங் ஃபேனின் மறைப்பு இல்லை, எல்லாம் கேட்கும். ஆனால் அறையும் குளிர்ந்திருப்பதால் விசிறிக்கு வேலை குறைவு.

மூன்றாவது, படம் எந்த வடிவத்தில் வருகிறது என்பது. வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறைகளான எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 ஆகிய நான்கையும் சில்லுக்குள் இருக்கும் தனிச் சுற்றே விரித்துக் காட்டினால் மின்சாரம் சில வாட்களோடு நின்றுவிடும். அந்தச் சுற்று இல்லாத வடிவம் வந்தால் மொத்தப் பளுவும் செயலியின் தலையில் விழும். சூடு ஏறும், விசிறி அலறும். யூடியூபில் ஏவி1 பெருகிவருவதால் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

நான்காவது, மின்சாரம். இங்கே பலரும் எண்ணுவதற்கு மாறான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 12 வாட் பெட்டியை நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் மூன்று யூனிட்டுகூட ஆகாது. 40 வாட் பெட்டி அதே அளவு ஓடினால் 10 யூனிட்டுக்குள். இந்த வித்தியாசத்துக்காகப் புதுப் பெட்டி வாங்கினால் போட்ட காசு திரும்பவே திரும்பாது. அணைக்காமல் நாள் முழுவதும் விடுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. சும்மா இருக்கும்போதே 28 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 40 யூனிட் தின்றுவிடும். கோடையில் ஏசியும் சேர்ந்து 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகளில் அந்த 40 யூனிட் கட்டணப் படியையே மாற்றிவிடும். மற்றபடி, குறைந்த வாட் பெட்டியை நான் விரும்புவது கட்டணத்துக்காக அல்ல, வெப்பத்துக்காக.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்வெட்டின்போது கணினியின் 12 வாட்டால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. டிவிதான் பெரும் பங்கு இழுக்கும். சிக்கல் மாறும் அந்த நொடியில் இருக்கிறது. இன்வெர்ட்டரின் பின்புறம் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அந்தப் பக்கம் இல்லையென்றால் படத்தின் நடுவில் கணினி அணைந்து மறுபடி தொடங்கும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் சீலிங் ஃபேனே முனகத் தொடங்கிவிடும். அப்போது கணினியின் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

கடைசியாக, ரிமோட். வீட்டுப் பெரியவர்களுக்கு டிவி ரிமோட்தான் தெரியும். அதை வைத்தே கணினியையும் இயக்க முடியுமா என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. வாங்கி வந்த மறுநாளே அம்மா கேட்பார்.

வழி 1: என்100 மினி கணினி

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 சில்லு, இந்த வேலைக்கென்றே செய்தது போல் இருக்கிறது. நான்கு சிக்கனக் கோர்கள். மேலே சொன்ன நான்கு வடிவங்களையும் சில்லே விரித்துக் காட்டும். சும்மா இருக்கும்போது மொத்தப் பெட்டியும் ஏறத்தாழ 6 முதல் 9 வாட், படம் ஓடும்போது 10 முதல் 15 வாட்.

விளம்பரத்தில் இருக்கும் ‘6 வாட்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது சில்லுக்கு இன்டெல் போட்ட வரையறை. பெட்டி செய்பவர்கள் வேகம் காட்டுவதற்காக அந்த வரம்பை 15, 20 வாட் வரை தளர்த்தி அனுப்புகிறார்கள். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் நீண்ட நேர மின்வரம்பை 10 வாட்டாகக் குறைத்தால் படம் ஓடுவதில் எந்தக் குறையும் தெரியாது. படத்தை விரிப்பது தனிச் சுற்று அல்லவா! விசிறியின் கீச்சொலி மட்டும் அடங்கிவிடும். கோடைக்கு முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை.

விசிறி உள்ளது, இல்லாதது என்று இரு வகை உண்டு. விசிறியுள்ளதன் உள்ளே இருப்பது மிகச் சிறிய விசிறி. நம் ஊர்த் தூசியில் அதன் அச்சு தேய்ந்து கரகரக்கத் தொடங்கினால் மாற்று விசிறி தேடி அலைய வேண்டியிருக்கும். பெயரில்லாத பெட்டிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பதே அரிது. விசிறி இல்லாததை வாங்குவதாக இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக, மேற்பக்கம் சீப்புப் பல் போல் அலுமினியத் தகடுகளோடு இருக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடி போட்ட விசிறியில்லாப் பெட்டி வேலூருக்கு ஆகாது.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு இலவச மருந்து இருக்கிறது. பெட்டியை ஷோகேஸுக்குள் வைக்காமல் சீலிங் ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். என் வீட்டில் ஒரு மே மாதப் பிற்பகலில், மூடிய அலமாரிக்குள் இருந்த பெட்டியைத் தொட்டேன். இரண்டு விநாடிக்கு மேல் விரலை வைக்க முடியவில்லை. எடுத்து மேல்தட்டில் ஃபேன் காற்றில் வைத்தேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடியே படம் பார்க்க முடிந்தது.

மறைமுகச் செலவுகள்: டிவி ரிமோட்டோடு பேசும் வசதி இதில் பெரும்பாலும் இருக்காது, யுஎஸ்பி ரிமோட் ஒன்று தனியாக வாங்க வேண்டும். நினைவகம் (ரேம்) செருகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சில மலிவுப் பெட்டிகளில் போட்டு வரும் விண்டோஸ் உரிமம் நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. உங்கள் பெயரில் செல்லாது. உத்தரவாதத்துக்குக் கூரியர் செலவு உங்களுடையதா என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வழி 2: ராஸ்பெர்ரி பை 5

2023 அக்டோபரில் வந்த இந்தச் சின்னப் பலகை சும்மா இருக்கும்போது மூன்று, நான்கு வாட்தான் இழுக்கும். டிவி ரிமோட் நேராக வேலை செய்யும். வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்துவதற்கு இதைவிட எளிதானது இந்த நால்வரில் இல்லை. படங்களைப் பட்டியலிட்டு ஓட்டும் ‘கோடி’ (Kodi) மென்பொருள் மட்டும் ஓடும் லிப்ரெலெக் (LibreELEC) இயங்குதளத்தைப் போட்டால், இயக்கியதும் படப் பட்டியல் திரையில் நிற்கும்.

எச்இவிசி 4கே படங்களைச் சில்லே விரிக்கும். பை 4-இல் இருந்த எச்.264 சுற்றை இதில் எடுத்துவிட்டார்கள். முழு எச்டி என்றால் செயலி எளிதாகச் சமாளித்துவிடும், கவலை இல்லை. ஏவி1-க்குச் சுற்றே கிடையாது. 4கே ஏவி1 இதில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடிடி தளங்களும் தரத்தைக் குறைத்துத்தான் தரும்.

அதிகாரபூர்வ விசிறி 50 டிகிரியில் மெதுவாகச் சுற்றத் தொடங்கும், 60, 67.5, 75 என்று படிப்படியாக வேகம் கூடும். குளிர் நாட்டில் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். 38 டிகிரி அறையில் சும்மா இருக்கும்போதே 50-ஐத் தொட்டுவிடுவதால் இங்கே அது கோடை முழுவதும் ஓயாது. அதுவும் சின்ன விசிறி. 80 டிகிரியைத் தாண்டினால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே இந்த ஊரில் பை வாங்கினால் விசிறியை விட்டுவிட்டு, மூடியே வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் அலுமினியப் பெட்டியோடு வாங்குங்கள்.

பலகை விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 27 வாட் அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு, குறுகிய எச்டிஎம்ஐ முனைக்கான கேபிள் என்று கூட்டிக்கொண்டே போனால் என்100 பெட்டியின் பக்கத்தில் வந்து நிற்கும். பழைய மொபைல் சார்ஜரைச் செருகி ஓட்டுபவர்கள் உண்டு. ஹார்ட் டிஸ்கையும் மாட்டினால் மின்சாரம் பற்றாமல் படம் பாதியில் நிற்கும்.

வழி 3: பழைய அலுவலக மினி கணினி

சென்னை, பெங்களூரு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் சிறு கணினிகள் நம் பக்கமும் வருகின்றன. இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருப்பதால் நமக்குக் கணினிச் சந்தைகளான சென்னை ரிச்சி தெருவும் எட்டும், பெங்களூரு எஸ்.பி. ரோடும் எட்டும். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி ஆகிய மூன்றும் உறுதியான கட்டுமானம். விசிறி, அடாப்டர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். புதிய மினி பெட்டிகளில் கிடைக்காத நிம்மதி இது.

தலைமுறையைப் பார்த்து வாங்குங்கள். ஐ5-8500டி போன்ற எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். எச்இவிசி, விபி9 இரண்டும் இதில் சில்லிலேயே உண்டு. ஏவி1 இல்லை, இன்டெல்லில் அது 2020-இல் வந்த பதினோராம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இன்னொரு பொறி, எச்டிஎம்ஐ முனை. இந்தத் தலைமுறையில் அது பழைய 1.4 வகையாக இருந்தால் 4கே டிவியில் நொடிக்கு 30 படம்தான் வரும். டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் இணைப்பு ஒன்றைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில்லின் பெயர் முடிவில் வரும் ‘டி’ என்ற எழுத்தைப் பார்த்து அதிகம் மயங்க வேண்டாம். அது உச்சத்தில் 35 வாட்டோடு நிறுத்தும் கடிவாளம்தான். சும்மா இருக்கும்போதும் படம் ஓடும்போதும் சாதாரணச் சில்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சத்தத்தின் உண்மைக் காரணம் இவற்றில் பெரும்பாலும் தூசிதான். நான் ஒருமுறை இப்படி வாங்கிய பெட்டி முதல் நாளே ஹேர் டிரையர் போல் இரைந்தது. திறந்தேன். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல் தூசி படிந்து, விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. பின்பக்கக் காற்றுத் துளை ஓரத்தில் இரண்டு பல்லி முட்டைகள். பெயிண்ட் பிரஷால் துடைத்து, செயலியின் மேல் காய்ந்து பொடியாகியிருந்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மூடினேன். அன்று இரவு அது ஓடுகிறதா என்று பார்க்க விளக்கைத்தான் தேட வேண்டியிருந்தது. பசைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் தயாராக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. பெட்டியைத் திறக்கப் பயப்படுபவர்களுக்கு இல்லை.

வழி 4: நீங்களே பூட்டுவது

ஆர்க்காட்டுக்காரரின் பட்டியல் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது: ஐ3-12100, சின்ன மதர்போர்டு, 550 வாட் பவர் சப்ளை, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். அந்தச் சில்லில் ஏவி1 உட்பட எல்லாம் உண்டு. தவறு கடைசி இரண்டில் இருக்கிறது.

பவர் சப்ளையின் மின்சிக்கனத்துக்குத் தரும் வெண்கல (Bronze), தங்க (Gold) முத்திரைகள் 20, 50, 100 சதவீதப் பளுவில் சோதித்துத் தருபவை. 550 வாட் சப்ளையில் 20 சதவீதம் என்றால் 110 வாட். நம் கணினி படம் காட்டும்போது இழுப்பது 30 வாட். அந்த முத்திரை சொல்லும் எல்லைக்கு வெகு கீழே அது நொண்டிக்கொண்டு ஓடும். வீணாகும் மின்சாரம் அறைக்குள் வெப்பமாக இறங்கும். லேப்டாப் போல வெளி அடாப்டரில் ஓடும் மதர்போர்டு அல்லது டெஸ்க்மினி போன்ற பாதி பூட்டிய பெட்டி இதைவிட மேல். பெட்டிக்குள் ஒரு விசிறியும் குறையும்.

ஹார்ட் டிஸ்க் வேறு கதை. 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அந்த ரீங்காரம் மர ஷோகேஸில் இறங்கினால் தம்புரா போல் முழு அலமாரியும் பாடும். இரவில் படத்தின் மௌனமான காட்சிகளில் அதுதான் முதலில் கேட்கும். இயக்கத்துக்கு எஸ்எஸ்டி போட்டு, படங்கள் இருக்கும் டிஸ்கை ரௌட்டருக்குப் பக்கத்தில் வேறு அறையில் வையுங்கள். முடியாதென்றால் டிஸ்குக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டாவது வையுங்கள்.

இந்த வழியின் பெரிய வரம் 92 அல்லது 120 மில்லிமீட்டர் விசிறி போட முடிவது. நால்வரில் 38 டிகிரி அறையிலும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு ஓடக்கூடியது இதுதான். பத்து வருடம் கழித்தும் விசிறி மாற்றலாம், நினைவகம் கூட்டலாம். செலவு மற்ற மூன்றையும் தாண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பார்வையில்

| | என்100 | பை 5 | பழைய மினி | சொந்தமாகப் பூட்டியது |
|---|---|---|---|---|
| படம் ஓடும்போது, ஏறத்தாழ | 10–15 வாட் | 5–7 வாட் | 15–20 வாட் | 25–40 வாட் |
| ஏவி1 | உண்டு | இல்லை | இல்லை | சில்லைப் பொறுத்து |
| டிவி ரிமோட் | தனியாக வாங்க வேண்டும் | நேராக வேலை செய்யும் | தனியாக வாங்க வேண்டும் | தனியாக வாங்க வேண்டும் |
| மே மாதச் சத்தம் | வரம்பைக் குறைத்தால் இல்லை | அலுமினியப் பெட்டியில் இல்லை | சுத்தம் செய்தால் குறைவு | மிகக் குறைவு |
| பழுது | கடினம் | பலகையையே மாற்ற வேண்டும் | எளிது | மிக எளிது |

மூவருக்கும் நான் சொன்னது

காட்பாடி ஆசிரியருக்கு விசிறியில்லாத, கனமான என்100 பெட்டி. அவர் யூடியூபில் பாட வீடியோக்களும் பார்ப்பவர், ஏவி1 அவருக்கு வேண்டும். வயதான தந்தையும் தாயும் மட்டும் இருந்து, படங்கள் எல்லாம் டிஸ்கில் இருக்கும் வீடாக இருந்தால் பை 5 என்று சொல்லியிருப்பேன்.

குடியாத்தத்து நண்பர் எட்டாம் தலைமுறை என்றால் தாராளமாக வாங்கலாம். அவரிடம் இருப்பது முழு எச்டி டிவி. ஏவி1-உம் எச்டிஎம்ஐ தொல்லையும் அவரை இப்போதைக்குத் தொடாது. ஆறாம் தலைமுறை என்று தெரிந்தால் விலை பாதியானாலும் விட்டுவிடச் சொன்னேன்.

ஆர்க்காட்டுக்காரர் பூட்டட்டும். 550 வாட் சப்ளையையும் உள்ளே வைக்கும் டிஸ்கையும் மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பூட்டுவதில் இருக்கும் மகிழ்ச்சிக்காகவே அவர் செய்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூவருமே கார்த்திகை, மார்கழியில் வாங்கப் போகிறார்கள். அந்தக் குளிரில் எந்தப் பெட்டியும் சோதனையில் தேறிவிடும். சித்திரை பிறப்பதற்குள் திருப்பித் தரும் நாட்கள் கடந்துவிடும். அதனால் வாங்கிய வாரத்திலேயே ஒரு பிற்பகல், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, நிரந்தரமாக வைக்கப்போகும் இடத்தில் பெட்டியை வைத்து இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். முடிவில் சில்லின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையில் அன்று 26 டிகிரி என்றால், மே மாதத்துக்காக அந்த எண்ணோடு 12-ஐக் கூட்டுங்கள். பை என்றால் கூட்டிய எண் 80-க்குள் நிற்க வேண்டும். என்100-இன் எல்லை 105 என்றாலும் நான் 85-க்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.